இழைப்புளிக்கு ஒரு திருகாணி

இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, குன்றுகளின்மேல் அடுக்கடுக்காய் ஏறிய கூரைகளினின்று நீர் சொட்டிக்கொண்டிருக்க, எஃகு உலைகளின் புகை தணிந்த செஃபீல்ட் மாநகரின் ஞாயிற்றுக் காலை அது. டான் ஆற்றங்கரையில் பழம்பொருட் சந்தை விரிந்திருந்தது; துருவேறிய அரங்களும் பிடியிழந்த இரம்பங்களும் நனைந்த சாக்குகளின்மேல் குவிந்துகிடந்தன. வாசகரே, மியூரியல் என்னும் முதியவள் அன்று அங்கே தன் விடுதலையைத் தேடி வந்தாள். அது விரற்கணு அளவேயான ஒரு திருகாணி.

அவள் கணவன் கிளிஃபோர்டு, கருவிப் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவன். மரப்பலகையைச் சீவி வழவழப்பாக்கும் பழைய இழைப்புளி ஒன்றைச் செப்பனிட்டு முடித்ததும், கடலோர ஸ்கார்பரோவில் கண்ணொளி மங்கித் தனித்து வாழும் அவள் தமக்கை எட்னாவின் அடுத்த வீட்டிற்குக் குடிபோவோம் என்று வாக்களித்திருந்தான். அலகை இறுக்கும் திருகாணி ஒன்றே குறை. அக்காலத்துப் பட்டறை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி அளவில் திருகுப்புரி வெட்டியமையால், ஒன்றன் ஆணி மற்றொன்றில் ஏறாது. வலிந்து முறுக்கினால் உளியே பாழாகும். ஞாயிறுதோறும் சந்தைக்குச் சென்று, உடைந்த இழைப்புளி ஏதேனும் ஒன்றைச் சுமந்து, ஆணியின்றியே அவன் மீள்வான். கட்டிலடியும் அடுக்களையும் இரும்பால் நிறைய நிறைய, அவளுக்கு வீடே சிறையாய்ச் சுருங்கியது. ஸ்கார்பரோ வீட்டுக்காரரோ, திங்கட்கிழமைக்குள் வராவிடில் வேறொருவர்க்கு விடுவேன் என்று சொல்லிவிட்டார். கணவன் சளியால் முடங்கியிருக்கவே, உளியைப் பையிலிட்டு அவளே புறப்பட்டாள்.

கடைக்கார இபட்சன் உளியைக் கண்டதும் சிரித்தார்.

"என்னம்மா, கிளிஃப் வீட்டம்மாவா? இதுக்கு ஆணியா? போன குளிர்காலத்துலயே நான்தான குடுத்தேன்! இங்கயே மாட்டிப் பாத்துட்டு, பச்சப்புள்ள மாதிரி சிரிச்சாரே!"

"அது வேற உளியா இருக்கும்."

"மூக்குல வெட்டு விழுந்த உளிம்மா. இத மறப்பனா?"

வீடு திரும்பியவள், கம்பளி போர்த்து அமர்ந்திருந்த கணவனின் மடியில் உளியை வைத்தாள்.

"ஆணி எங்க, கிளிஃப்?"

அவன் தன் உட்சட்டைப் பையினின்றே அதை எடுத்தான்.

"அந்தக் கடலப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், கண்ணு? எனக்குச் சந்தையும் கூட்டாளிங்களும்தான் உலகம். உங்கிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"சொல்லியிருந்தா நான் தனியாவாவது போயிருப்பேனே! வசந்தத்துல எங்கக்கா வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு, ராத்திரி பூரா தரையில கெடந்தா. நீ ஆணி வாங்குனது குளிர்காலத்துல."

அவன் ஆணியைத் துளையிற் பொருத்தித் திருகினான். தடையேதுமின்றி அது உள்ளே இறங்கிற்று.

"இதோ, முடிஞ்சிருச்சு. ரெண்டு பேருமே போலாம்."

"நான் மட்டும் போறேன்," என்றவள், சினத்தினும் பெரிதாய் எழுந்த துயரத்தோடு, மேலங்கியின் பொத்தான்களை இட்டு, முன்பே கட்டிவைத்திருந்த பெட்டியைத் தூக்கினாள்.

வரமாட்டேன் என்று அன்றே அவன் மறுத்திருந்தால், ஒரு பொழுதின் பூசலோடு போயிருக்கும். கதவு சாத்தப்பட்டபின், குறையேதுமற்ற இழைப்புளியைப் பற்றியபடி கிளிஃபோர்டு அமர்ந்திருந்தான். அவளோடு போகும் உரிமையும், போகாதிருக்கச் சாக்கும், இரண்டுமே இனி அவனுக்கு இல்லை.