நாற்காலி உள்ள வேலை

உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் துணிக் கம்பெனி ஒன்று பெரிய குடோன் திறந்தது. இருநூறு பேருக்கு வேலை என்றதும் ஊரே கிளம்பிவிட்டது. எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க நிக்காம இருந்துட்டு வேலை செய்யலாமா?"

பாறசாலை ஜவுளிக்கடை ஒன்றில் பன்னிரண்டு வருடம் நின்றவள் நான். விற்கிற பெண் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் எண்ணம். என் முழங்காலுக்கு வாய் இருந்தால் அவரை நன்றாகத் திட்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு பிரசீதாவோடு குடோனில் வைத்த பரீட்சைக்குப் போனேன். சீட்டில் எழுதியிருப்பதை அலமாரியிலிருந்து எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். 'நீலச் சுடிதார், எம் சைஸ், ஒன்று.' பிரசீதா போனாள், ஒன்றை எடுத்தாள், வந்தாள். எனக்கும் அதே சீட்டு. நான் ஐந்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்துப் போட்டேன்.

சூப்பர்வைசர் அகிலேஷ் விழித்தான். "ஒண்ணுதானே சேச்சி கேட்டது?"

"ஒண்ணக் காட்டினா யாரு மக்கா எடுப்பா? பச்சையும் மெரூனும் பாத்தாத்தானே நீலம் பிடிக்கும்!"

"இங்க ஆளே வராது சேச்சி. அவங்க போன்ல பாத்து எடுத்தாச்சு."

பிரசீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாற்காலி போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கக் குனிந்து துணிகளை மடிக்கத் தொடங்கினேன். நீலத்தில் கை நின்றது.

"இது எம் இல்ல. எல் ஆக்கும்."

"லேபிள்ல எம்னு உண்டே?"

"லேபிளுக்கு என்ன தெரியும்? தோள அளந்து பாரு மக்கா."

அளந்தான். எல்தான். அது இருந்த பெட்டியையும் கொண்டுவந்து அளந்தான். மொத்தமும் அப்படித்தான்.

அகிலேஷ் தலையைச் சொறிந்தான். "திரும்பி வாற துணிய விரிச்சுப் பாத்து மடிக்கதுக்கு ஆள் வேணும் சேச்சி. வாறீங்களா?"

"நின்னுட்டா, இருந்துட்டா?"

"இருந்துட்டுதான்."

முதல் நாள் சக்கரம் வைத்த நாற்காலி தந்தார்கள். பிரசீதா அலமாரிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே கையசைத்தாள். முதல் பார்சல் வந்தது, எழுந்துவிட்டேன். இரண்டாவது வந்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். மத்தியானம்வரை நாற்காலி சும்மா கிடந்தது.

அகிலேஷ் வந்து பார்த்தான். "சேச்சி, கசேர உங்களுக்காக்கும்."

பழைய முதலாளி வந்து நிற்கிறாரோ என்பதுபோல ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, அடுத்த பார்சலை மடியில் வைத்துப் பிரித்தேன்.