கிரேஸின் காலை எண்கள்

மூச்சை அளக்கும் குழாயை கிரேஸ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தது ஆஸ்பத்திரி நர்ஸான நான்தான். லேசான இளைப்பு உள்ள பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் அதில் ஓங்கி ஊத வேண்டும். முள் நிற்கும் எண்ணை வீட்டார் அட்டையில் எழுத வேண்டும். மூச்சுக்குழாய் உள்ளே வீங்கியிருந்தால் காலை எண் இறங்கும்.

ஒன்பது வயது கிரேஸ் மேரியின் அட்டையில் இரண்டு வாரமும் காலை நூற்றைம்பது, மாலை இருநூற்று முப்பது.

"வெளியில தெரியல, உள்ள வீக்கம் அடங்கல" என்றார் டாக்டர். "பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் வேணாம்."

அதைச் சொல்லத் திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிளில் வில்லியனூர் போனேன்.

"நான் இன்னாக்கா பண்ணேன்?" என்று கத்தினாள் கிரேஸ். "நேத்துகூட மாதா கோயில் வரைக்கும் ஓடினேன்!"

"கத்தாதடி. ஊது, பாக்கலாம்."

முள் ஓடும் பள்ளத்தின் மேலேயே விரலை வைத்துப் பிடித்தாள். இரண்டு வாரம் ஊதிய பிள்ளை பிடிக்கிற பிடியா அது? விரலை நகர்த்தி வைத்தேன். ஊதினாள். இருநூற்று நாற்பது. மறுபடியும் அதே. அவள் வயதுக்கு நல்ல எண்.

அடுப்படியில் அவள் அம்மா அந்தோணி மேரி திரும்பவே இல்லை.

"யக்கா, இத்தினி நாளா யாரு ஊதினது?"

"நான்தாம்மா. ஓங்கி ஊதினா புள்ளைக்கு இளுப்பு வந்துடுமோன்னு பயம். இதுக்கு ஜொரம் வந்தப்ப மாதாவுக்கு முட்டி போட்டு நடந்தது நான். மொட்ட போட்டுக்கினதும் நான். அது மாதிரி இதையும்..."

"நேர்ச்சையும் இதுவும் ஒண்ணா? உங்க மூச்ச எழுதிட்டு அவ காலக் கட்டப் பாத்தீங்களே!"

கத்திவிட்டேன். கத்தும்போதே தெரிந்தது, குழாயைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று கிளம்பியவள் நான். பிள்ளை ஊதுகிறாளா என்று ஒரு காலையாவது வந்து பார்த்தேனா?

அப்புறம்தான் உறைத்தது. காலையில் அந்த நூற்றைம்பது, நானூறாவது ஊத வேண்டிய முப்பது வயதுப் பெண்ணின் மூச்சு.

"காலையில மூச்சு முட்டுதாக்கா?"

"தண்ணி தூக்கினா யாருக்குத்தான் முட்டாது?"

"எத்தினி வருசமா?"

"இவ பொறந்ததுலேர்ந்து. டீ குடிக்கிறியா?"

அட்டையில் கிரேஸின் பெயரை அடித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். டாக்டர் என்னைத் திட்டினார், திட்ட வேண்டியதுதான். அந்தோணி மேரிக்கு மருந்து கொடுத்தார். அதன்பின் மூன்று காலையும் நானே நின்று கிரேஸை ஊத வைத்தேன். எண் இறங்கவில்லை. ஓடட்டும் என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை பந்தயத்தில் கிரேஸ் மூன்றாவதாக வந்தாள். வேடிக்கை பார்த்து நின்ற அம்மாவிடமும் என்னிடமும் நேரே ஓடிவந்து, என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி ஊதினாள். இருநூற்று நாற்பது.

"ம்மா, இப்ப நீ."

"தூரப் போடி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அந்தோணி மேரி. சொல்லிக்கொண்டே முந்தானையால் குழாயின் வாயைத் துடைத்தாள்.