ஏழாம் கவுண்ட்டரின் பெரிய எழுத்து

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கவுண்ட்டர்களில் முழுசாக ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு திரை, அதன் முதுகில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். நிஜ வேலையெல்லாம் மாடியில் இருக்கும் சர்வர் பார்த்துக்கொள்ளும். டப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் எதை மாற்றினாலும் சரி சரி என்று கேட்டுக்கொள்ளும். அணைத்துப் போட்டால் அத்தனையையும் மறந்துவிட்டுப் பழையபடி வந்து நிற்கும். மறக்காமல் இருக்க வேண்டுமானால் அதற்குள் இருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பூட்டைத் திறக்க மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த டப்பாக்களைக் கட்டி மேய்த்தவனை எல்லோரும் டப்பாக்காரன் என்றே கூப்பிட்டார்கள். ஏழாம் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவள் அவனுடைய கூடப் பிறந்த அக்கா. மேனேஜரிடம் நாலு தடவை நடந்து அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி மாற்றியும் போதவில்லை.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுடா. கொஞ்சம் பெருசாக்கிக் குடு."

தினமும் காலையில் பெரிதாக்கிக் கொடுத்தான். மறுநாள் காலையில் டப்பா மறந்திருக்கும்.

"ஒரேயடியா வெச்சுத் தொலைக்க முடியாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மேனேஜர்கிட்ட கேட்டேன்க்கா. முடியாதுன்னுட்டார்."

எங்கே கேட்டான்! அக்காவுக்குச் சலுகை காட்டுகிறான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். அவனை நிரந்தரமாக்குவது பற்றி அப்போதுதான் மேலே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஒரு நிமிடம் போனால் போகிறது, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டான். கோழைப் பயல்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. டப்பாக்கள் எல்லாம் புதுசாக எழுந்து நின்றன. அக்கா போன் செய்தபோது அவன் மாடியில் முதலாளியின் பிரிண்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"பத்து நிமிஷம்க்கா" என்றான். முக்கால் மணி நேரம் ஆனது.

கீழே வாசல்வரை வரிசை. அக்கா திரையில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு அடித்தாள். ஒரு ரத்தக் குழாயின் எண்ணில் மூன்று இருந்த இடத்தில் எட்டு விழுந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவர் கைக்குப் போனது. ஒரு நோயும் இல்லாத மனிதர் தனக்குப் புற்றுநோய் என்று நம்பி மூன்று நாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அழுதிருக்கிறார்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். டப்பாக்களின் பதிவேட்டோடு தம்பியையும் கூப்பிட்டார்.

"கண்ணு சரியாத் தெரியலைன்னா சொல்ல வேண்டியதுதானேம்மா? எழுத்தைப் பெருசாக்கி வெக்கச் சொல்லியிருப்பேன். ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷம். யாருமே என்கிட்ட கேக்கலையே."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் பதிவேட்டைப் பார்த்தான். இவன் வாயைத் திறந்தால் அவள் வேலை பிழைக்கும், அவள் வாயைத் திறந்தால் இவன் வேலை போகும். அறையில் இருந்த மூவரில் இது மேனேஜருக்கு மட்டும்தான் தெரியாது.

"தோணலை சார். என் தப்புதான்" என்றாள் அக்கா.

அவன் பதிவேட்டில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினான்.

அக்காவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் அவன் அவள் பின்னாலேயே ஓடினான்.

"நீ கேக்காததுகூடப் பரவாயில்லைடா" என்றாள் அவள். "கேட்டேன்னு சொன்னியே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே அவன் பூட்டைத் திறக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஏழாம் கவுண்ட்டர் டப்பாவின் பூட்டைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, பூட்டினான். அந்த வாரக் கடைசியில் அவனை நிரந்தரமாக்கிய உத்தரவும் வந்தது.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

"சார், இதுல மட்டும் எழுத்து பூசணிக்கா சைஸுக்கு இருக்கு. சின்னதாக்கிக் குடுங்களேன்."

சின்னதாக்கிக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் எழுத்து மறுபடி பெரிதாக நின்றது. புதன்கிழமையும் அப்படியே.

"தினமும் இதே ரோதனையா சார்? ஒரேயடியா மாத்தி வெச்சிட முடியாதா?"

"மேனேஜர்கிட்ட கேட்டேன்மா" என்றான் டப்பாக்காரன். "முடியாதுன்னுட்டார்."