குழியக்காவின் காசு

என் மனைவிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்த மூக்கையே ஒரு ரோமானியக் காசு உடைத்த கதை இது.

அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். நான் பஸ் ஓட்டுநர். எனக்குத் தெரிந்த காசெல்லாம் கண்டக்டர் பையில் குலுங்குவதுதான். அவளோ பழங்காசுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்து, ஒரு கறுத்த செப்புக் காசை வாங்கி வந்தாள். எனக்கு அது தேய்ந்த சட்டைப் பொத்தானாகத்தான் தெரிந்தது.

ஒரு மாலை அதைப் படமெடுத்தாள். படத்தில் ராஜாவின் முகம் உள்வாங்கிக் குழியாகத் தெரிந்தது. அச்சடிக்கும்போது தவறிப்போய், முகம் மேடாக விழாமல் பள்ளமாக விழுந்த காசுகள் உண்டாம். கிடைப்பது அபூர்வமாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “குழிக்காசு கிடைச்சிருக்கு!” என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சங்கச் செயலாளரான வக்கீல் அடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

காசை வாங்கி விரலால் தடவினார். பிறகு அவளுடைய செல்போனைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். ராஜாவின் மூக்கு பொசுக்கென்று வெளியே வந்தது.

“விளக்கைக் காசுக்குக் கீழ்ப்பக்கமா வெச்சிருக்கீங்கம்மா. வெளிச்சம் மேலேருந்து வரும்னுதான் கண்ணு நினைக்கும். கீழேருந்து வந்தா மேடெல்லாம் பள்ளமாத் தெரியும். பழகினாச் சரியாயிடும்.”

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் விடுவார்களா? அன்றே அவளுக்குக் ‘குழியக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு முட்டியது. உயிர்மேல் ஆசை இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

நூலகத்தில் சங்கத்தின் கண்காட்சி வந்தது. புதியவர்களுக்கு ஒரே ஒரு படத்துக்கு இடம். காசு எந்த ராஜாவுடையது என்று அவர்களே கண்டுபிடிக்கவும் வேண்டும்.

“அந்த இடத்துல என் படம் தொங்கணும். இல்லேன்னா சாகற வரைக்கும் நான் குழியக்காதான்” என்றாள்.

“காசை நல்லாத் தேய்ச்சுப் பளபளப்பாக்கேன்” என்று வாயைக் கொடுத்தேன்.

“தேய்ச்சுத் தேய்ச்சே பல்லைக் கெடுத்துக்கிட்டு வர்றவங்களைத் தினமும் பாக்கறேன். போனது திரும்ப வராது. காசுமேல கை வெச்சீங்க, அவ்வளவுதான்!”

இம்முறை விளக்கைக் காசின் மேல்பக்கம், தாழ வைத்தாள். கீழ்ப்பாதி இருட்டிக் கிடந்தது. பல் மருத்துவர் வேண்டாமென்று ஒதுக்கிய, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள்.

“வெளிச்சத்தை இதுல வாங்கி இருட்டுப் பக்கம் விடுங்க. ஆட்டாதீங்க. பஸ் ஓட்டற கைதானே?”

கண்ணாடியைச் சாய்க்கச் சாய்க்க எழுத்துகள் எழுந்து வந்தன. கதிர்கள் வைத்த கிரீடம், குட்டைத் தாடி. படமெடுத்துவிட்டு, பழங்காசுப் புத்தகத்தைப் புரட்டினாள். “இரண்டாம் கிளாடியஸ்!” என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

காசின் பின்பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் பழம் நிறைந்த கொம்பு, மறு கையில் அடி அகன்ற தடி.

“துடைப்பமா?” என்றேன்.

முறைத்தாள். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி உற்றுப் பார்த்தாள். “சுக்கான்! கப்பலைத் திருப்பறது. அந்தக் காலத்து ஸ்டியரிங்.” ஓரத்தில் மிஞ்சியிருந்த எழுத்துகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். பயணம் போனவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும் அதிர்ஷ்ட தேவதையாம்.

என் பக்கம் திரும்பினாள். “இவ்வளவு நாளா உங்க சாமியையா டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன்!” என்றாள்.

கண்காட்சிச் சுவரில் அவள் படம்தான் தொங்கியது. கேலி செய்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பார்க்க வந்த ஓர் அம்மாள் படத்தருகே போய், ராஜாவின் மூக்கில் விரலை வைத்தார்.

“அட, வெறும் காகிதமா! நிஜமாவே எழுந்து நிக்குதுன்னு நெனைச்சுட்டேன்.”

பெருமையில் என் சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் பாக்கி. “எடுத்தது எங்க வீட்டுக்காரி!” என்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

வக்கீல் பதறி ஓடி வந்தார். “அம்மா, படத்தைத் தொடக்கூடாது!”

என் மனைவி அவரை மறித்தாள்.

“தொடட்டும் சார். நல்லாத் தடவிப் பாத்து, எங்கேயாவது குழி இருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லட்டும்.”