காலி நாற்காலிக் கொள்கை

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே நெய்னா முகம்மது அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நான் மன்னிக்கலை. இரண்டே சொல்தான். ஆனால் அதில் நெருப்பும் இருக்க வேண்டும், கண்ணியமும் குறையக் கூடாது. எண்பத்திரண்டு வயதில், மேல்வரிசையில் நான்கே பல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருவது லேசில்லை.

அவருடைய அண்ணன் ஹபீப் மரைக்கார் முந்தைய நாள் காலை அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் மகன் ஜுஹைர் வீட்டில் மவுத்தாகிவிட்டார். காரைக்கால் வழக்கப்படி அவரை நானா என்றுதான் கூப்பிட வேண்டும். இவர் கூப்பிட்டு அறுபது வருடத்துக்கு மேலாகிறது. இத்தனைக்கும் கடந்த மூன்று வருடமாக இவர் பிரிட்ஜ்வாட்டரில் மகள் வீட்டில்தான் இருக்கிறார். நடுவில் நாற்பது நிமிட டிரைவ்.

மகள் ஆஸிபா காரை ரிவர்ஸ் எடுத்தாள்.

"வாப்பா, அங்க வந்து history class எடுக்காதீங்க, please. ஜுஹைர் ஏற்கனவே உடைஞ்சு போயிருக்கான்."

"ஒரே ஒரு வாக்கியம்தாம்மா."

"அதான் பயமா இருக்கு."

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மையத்தாகக் கிடப்பவரின் மகன் எழுந்து, எங்கள் வாப்பா யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பான். கூடியிருப்பவர்கள் மன்னித்துவிட்டோம் என்பார்கள். ஒரே ஒருவர் மறுத்தாலும் வழக்கு மறுமைக்குப் போய்விடும். அந்த ஐந்து நொடிக்காகத்தான் நெய்னா முகம்மது இதுவரை உயிரோடு இருந்தார். டாக்டர்கள் அதை மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு பழையது. 1954இல் பதினாறு வயது ஹபீப் காரைக்கால் வீதிகளில் பிரெஞ்சுக்காரனை வெளியேறச் சொல்லிக் கத்தியதில் தொண்டை கட்டி, ஒரு வாரம் கைச்சாடையில்தான் சோறு கேட்டார். பிரெஞ்சுக்காரனும் அந்த வருடமே நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டான். ஆனால் ஊரை எழுதிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டும் ஆறு வருடம் இழுத்தடித்தான். அங்கே அல்ஜீரியா கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது, இங்கேயும் விட்டுக்கொடுத்தான் என்று பேர் வாங்குவானேன் என்று பார்த்தான். 1962 ஆகஸ்டில்தான் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள்.

பத்தொன்பது வயது நெய்னா முகம்மதுவுக்குப் பாரிஸில் சரித்திரம் படிக்க ஆசை. கெடு முடியும் வாரம் பார்த்து அம்மை போட்டுவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளை நானாவிடம் கொடுத்தனுப்பினார். நானா புதுச்சேரிக்குப் போய் வந்து, "ஒன்னையும் சேத்துக் குடுத்துட்டேன்" என்றார். பிறகு பெயர்ப் பட்டியல் வந்தது. வெளியேறு என்று கத்தியவர் பெயர் அதில் இருந்தது. தம்பி பெயர் இல்லை.

"உம்மாவ யாரு பாக்குறது? ஒருத்தன் இங்க இருக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டு நானா கப்பலேறினார். பாகப்பிரிவினையில் தம்பிக்கு உம்மாவும் இந்தியாவும் வந்தன. அந்தப் பேச்சுவார்த்தைக்குத் தம்பிக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

1965இல் பாரிஸ் ஏதோ கோபத்தில், ஐரோப்பியக் கூட்டங்களில் தன் நாற்காலியை ஏழு மாதம் காலியாக விட்டது. பேப்பரில் அதைப் படித்த அன்றே நெய்னா முகம்மதுவும் அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டார். நானாவின் நிக்காஹ், பிள்ளைகளின் நிக்காஹ், வீடு குடிபுகல் எதற்கும் போகவில்லை. பாரிஸ் ஏழே மாதத்தில் வெட்கமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு உறுதி போதாது என்று வகுப்பில் சொல்வார். முப்பத்து நான்கு வருடம் காரைக்காலில் கல்லூரி வாத்தியார். பாடம், பிரெஞ்சு வெளியுறவுக் கொள்கை. பிரான்சை மட்டும் பார்த்ததில்லை. நானா வருடம் தவறாமல் ஈபிள் கோபுரப் படம் போட்ட கார்டு அனுப்புவார். தம்பி அதன்மேல் டீ கிளாஸ் வைப்பார். அமெரிக்கா வரும் வழியில் விமானம் பிரான்சுக்கு மேலே பறந்தபோது, ஜன்னல் மூடியைக் கீழே இழுத்துவிட்டார்.

பள்ளிவாசலில் கூட்டம் இருந்தது. ஆஸிபா பெண்கள் பக்கம் போனாள். முன்வரிசையில் யாரோ ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார்கள். வெள்ளைத் துணிக்குள் நானா சின்னவராகத் தெரிந்தார். ஆள் சின்னவரானால் குற்றமும் சின்னதாகிவிடுமா என்ன. நெய்னா முகம்மது நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

ஜுஹைர் எழுந்தான். நானாவின் அதே மூக்கு.

"எங்க வாப்பா யாரையாவது hurt பண்ணியிருந்தா, please, மன்னிச்சுருங்க."

மன்னித்துவிட்டோம் என்று கூட்டம் முனகி முடிக்கட்டும் என்று நெய்னா முகம்மது காத்தார். அது முடிந்த அமைதியில் சொன்னால்தான் எடுக்கும். வாயைத் திறந்தார். ஜுஹைர் அவரைப் பார்த்துவிட்டான்.

"சாச்சாகிட்ட நான் கேக்க வேண்டாம். போன ரமலான்லயே வாப்பா phone பண்ணிக் கேட்டுட்டாங்க. சாச்சாவும் மன்னிச்சுட்டாங்க. அதச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாங்க. Thank you, சாச்சா."

முந்நூறு முகங்கள் கனிவோடு இவர் பக்கம் திரும்பின.

போன் வந்தது உண்மை. இவர் காதில் வைத்துக்கொண்டு, கொள்கைப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. நானா முட்டி வலியைப் பற்றிப் பேசினார், இங்கே கிடைக்கும் முருங்கைக்காய் வெறும் குச்சி என்றார், பனி வழிப்பதைப் பற்றிப் பேசினார். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் வரவில்லை. பதினோரு நிமிடம் பேசிவிட்டு, "சரி, வச்சிடுறேன்" என்றார்.

மறுபடியும் ஒன்னையும் சேத்துக் குடுத்துட்டேன்.

வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் இமாம் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டிவிட்டார். தொழுகைக்கு நடுவே பேசக் கூடாது. கெடு முடிந்தது. நெய்னா முகம்மதுவும் கையைக் கட்டிக்கொண்டார்.

கபுருஸ்தானில் ஜுஹைர் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து விரித்தான்.

"உக்காருங்க சாச்சா. Time ஆகும்."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைக்கூடப் பிடிக்கவில்லை. அடக்கி முடியும் மட்டும் அது புல்தரையில் காலியாகவே இருந்தது.

ஆளுக்கு மூன்று பிடி மண். முறை வந்ததும் நெய்னா முகம்மது குனிந்து ஒரு பிடி போட்டார். இரண்டாவதும் போட்டார். மூன்றாவதை அள்ளி நிமிர்ந்தார். பின்னால் நின்றவர்கள் காத்தார்கள். அவர் கையை மூடிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

கார் ஹைவேயில் ஏறியது. ஆஸிபா ஒரு டிஷ்யூவை உருவி நீட்டினாள்.

"கையத் தொடச்சுக்குங்க வாப்பா. நீங்க மன்னிச்சத எங்கிட்டகூடச் சொல்லலியே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டியின் மேல் மூடிய கை அப்படியே இருந்தது. பிரிட்ஜ்வாட்டர் வரைக்கும் அதைத் திறக்கவில்லை. விரலிடுக்கு வழியாக மட்டும் வெள்ளை வேட்டியில் துளித்துளியாக மண் உதிர்ந்துகொண்டே வந்தது.