மாடியிலிருந்து இறங்கி வந்த குரல்

செல்வகுமாரின் குரலைத் தெரியாத ஆள் ஒரு காலத்தில் திண்டிவனத்தில் கிடையாது. ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவன் விளம்பரம் பேசிக்கொண்டு போனால், விழுப்புரம் ரோட்டில் லாரியை ஓரங்கட்டிக் கேட்டவர்கள் உண்டு. சித்ரா அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்தக் குரலுக்காகத்தான். முகத்தைப் பார்த்தது பிறகுதான். அது அப்படியொன்றும் பெரிய முகமில்லை.

அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தபோது சித்ரா ஏழு மாதக் கர்ப்பிணி. உயிர் தங்கியது, குரல் போனது. மகள் துர்காவுக்கு இப்போது நாலு வயது. அப்பா பேசி ஒரு சொல்கூட அவள் கேட்டதில்லை.

"எங்கப்பா பேசினா ஊரே கேக்கும்" என்று பால்வாடியில் பெருமையடித்திருக்கிறாள். பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பொய்தான சொன்ன? அப்பா எப்பவுமே பேசினதே இல்லதான?"

பொய்யில்லை என்று காட்ட ஒரே ஒரு இடத்தில்தான் அத்தாட்சி இருந்தது. மாடி அறையில் கிடந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். செல்வகுமார் பேசிப் பதிந்ததெல்லாம் அதில்தான். ஆட்டோவை விற்றபோது பென்டிரைவும் கூடவே போய்விட்டது. பழைய போன் கிணற்றில் விழுந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டவன், மகள் கேட்டதைக் காதில் வாங்கியதும் தானாகவே சாவியை எடுத்து நீட்டினான்.

கம்ப்யூட்டரோ சாகக் கிடந்தது. பென்டிரைவ் செருகுகிற துளை ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஸ்பீக்கர் மாட்டினாலும் சத்தம் வரவில்லை. உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க் பல்லி மாதிரி 'டிக் டிக்' என்றது. ரிப்பேர் கடை தேவா வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இத்த அசைச்சீங்கன்னா அவ்ளோதான். கழட்டவே கூடாது. இருந்த எடத்துலயே வெச்சி, நெட் ஒயரு வழியா உங்க லேப்டாப்புக்கு இழுத்துக்குங்க. ஜல்தியா பண்ணுங்க, ரொம்ப நாள் தாங்காது."

அந்த லேப்டாப் சித்ரா பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. வைரஸ் வந்து படுத்துக்கொண்டதை எழுப்பி, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே தேவாதான்.

"அது விண்டோஸ், இது லினக்ஸு. ரெண்டும் பேசிக்குமா தம்பி?"

"மாமியாரும் மருமவளும் மாதிரிக்கா. மொறச்சிக்கினுதான் இருக்கும், ஆனா வேல நடந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. கூடத்தில் இருந்த இன்டர்நெட் பெட்டியிலிருந்து சன்னல் கம்பி வழியாக மாடிக்கு ஒயர் ஏறியது. செல்வகுமார் மேலே குரல் ஃபோல்டரை ஷேர் செய்தான். கீழே லேப்டாப்பில் மாடிக் கம்ப்யூட்டரின் பெயர் எட்டிப் பார்த்தது. அடி ஆத்தி, வந்துவிட்டதே என்று சித்ரா அதைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கட்டும் என்று விட்டிருந்தான் மனுஷன். சித்ரா எதுவும் எழுதாமல் வெறுமனே என்டரை அழுத்தினாள். மறுபடி கேட்டது. பத்துத் தடவை அழுத்தினாள், பத்துத் தடவையும் கேட்டது. மாடியில் 'டிக் டிக்' வேகமெடுத்தது. போனில் தேவாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"பேஜாரா கீதுப்பா! பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி கேக்குது!"

"அதான்க்கா கோளாறு. பாஸ்வேர்டு இல்லாத ஆள வெளியிலேர்ந்து உள்ள வுடாது. மொதல்ல பூட்டு போடுங்க, அப்பறம் தொறங்க."

இது என்ன கண்றாவி நியாயமோ! ஆனாலும் மாடிப்படியில் ஓடி ஏறிச் சொன்னாள். செல்வகுமார் கீபோர்டில் ஏதோ தட்டிவிட்டு, அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதினான். ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீ. எந்த மைக்கைப் பிடித்தாலும் அவன் முதலில் சொல்வது அதுதான். சித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை.

கீழே ஓடி வந்து அதையே லேப்டாப்பில் அடித்தாள். கதவு திறந்தது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு குரல்கள் வரிசையாக நின்றன. மொத்தத்தையும் பிடித்து இழுத்தாள். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மாடியில் கிடந்தது ஒயரில் இறங்கி, பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து ஒயரே இல்லாமல் வெறும் காற்றில் அவள் மடிக்கு வந்துகொண்டிருந்தது. அவன் குரலால் நாலு வருஷமாகக் கடக்க முடியாத அதே காற்று! கையை லேப்டாப்புக்கு முன்னால் நீட்டிப் பார்த்தாள். ஒன்றுமே படவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அறுபத்து மூன்றில் கோடு நின்றது. மாடியில் 'டிக் டிக்' கேட்கவில்லை. செல்வகுமார் மெதுவாக இறங்கி வந்து தலையை ஆட்டினான். போய்விட்டது.

"பரவால்லங்க. அறுவத்தி மூணு வந்துடுச்சி" என்றாள் சித்ரா. துர்காவை இழுத்து நடுவில் உட்காரவைத்து, கைக்குக் கிடைத்த ஒன்றைத் தட்டினாள்.

"அன்பான தாய்மார்களே! மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் நாளைக் காலை குடிநீர் வராது. இன்று மாலையே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்!"

வீடே கணீரென்றது. சித்ரா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சொல் முன்னே போகவில்லை, ஒரு சொல் பின்தங்கவில்லை. 'தாய்மார்களே' என்ற இடத்தில் பழையபடியே கையை உயர்த்தினான். குரல் லேப்டாப்பிலிருந்து வருகிறதா, அவன் வாயிலிருந்தேதான் வருகிறதா என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

துர்கா அப்பாவின் வாயையே பார்த்தாள். சட்டென்று எழுந்து அடுக்களைக்கு ஓடினாள். குழந்தை பயந்துவிட்டதோ என்று சித்ரா பதறி எழுவதற்குள், தன்னைவிடப் பெரிய பிளாஸ்டிக் குடத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாம்மா குந்திக்கினு கீற? அப்பா தண்ணி புடிச்சி வெக்கச் சொல்றாரு இல்ல!"

அன்று மாலை அந்த வீட்டில் குடம், அண்டா, டம்ளர் என்று ஒன்று பாக்கியில்லாமல் மூன்று பேரும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.