கத்தி படாத தோடம்பழம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிறந்தநாள் விழாவில் கிடைத்தது. போன மாதம், லண்டன் வால்தம்ஸ்டோவில். என் கணவர் யோகராஜாவுடன் முன்பு வேலை செய்த டொலறஸ் அக்கா, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து வாய்விட்டுவிட்டார். இவரோ எட்டு வருஷமாக மூச்சுவிடவில்லை. கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

2

தொடக்கம்: 'லண்டன் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு...'

(அடித்துவிட்டேன். பாவம் லண்டன், எத்தனை பேர்தான் போர்த்துவது!)

மறுபடியும்: 1987 தை மாதம். வட லண்டன் எட்மண்டனில் ஒரு பழக் களஞ்சியம். பெட்டிக்கு ஒரு தோடம்பழத்தை (ஆரஞ்சுதான்) குறுக்கே வெட்டிப் பார்ப்பது யோகராஜாவின் வேலை. உறைபனி பட்ட பழம் வெளியே மினுங்கும். உள்ளே சுளை காய்ந்து கிடக்கும். வேலை நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்திலிருக்கும் மனைவியைக் கூப்பிடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார்.

(அந்த மனைவி நான்தான். கதையில் எனக்கு வேறு வேலை இல்லை.)

அன்று வந்ததில் முப்பது பெட்டி கோயில் பொங்கலுக்கு. யோகராஜா கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணை, இதுகளை வெட்டேல்லையோ?" பக்கத்து மேசையிலிருந்து, அவருக்கு வேலை பழக்கிய டொலறஸ் கேட்டார்.

"சாமிக்குப் போற பழத்தில கத்தி வைக்கலாமோ?"

தோலைத் தடவிப் பார்த்து, நல்லது என்று முத்திரை குத்தினார்.

3

லொறியில் ஏற்றும்போது மேலாளர் ஒன்றை வெட்டினார். சக்கை. இன்னொன்று. அதுவும் சக்கை. யார் பார்த்தது என்று கத்தினார்.

 யோகராஜாவுக்கு என் முகம் கண்ணுக்குள் வந்தது. (இது என் சொந்தச் சரக்கு. மன்னியுங்கள்.)

"நான்தான் வெட்டவேண்டாமெண்டு சொன்னனான்" என்றார் டொலறஸ்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டொலறஸைக் குளிரறையில் போட்டார்கள். விரல்கள் வீங்கி வெடித்தன. யோகராஜா நிரந்தரமானார். ஆடியில் நான் ஹீத்ரோவில் வந்திறங்கினேன்.

4

முடிவு ஒன்று: யோகராஜா குளிரறைக்குப் போய் நன்றி சொல்கிறார். (நடக்கவில்லை. வெட்கம்.)

முடிவு இரண்டு: நான் விழாவில் கேட்டது. "ஏனக்கா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"எனக்குக் கூப்பிட ஆருமில்லைப் பிள்ளை. அவருக்கு நீர் இருந்தீர்."

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இவர் இந்தத் தாள்களை வாசித்துவிட்டார். மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை அவவைச் சாப்பிடக் கூப்பிடும்" என்றார்.

5

இன்று ஞாயிறு. வாசல் மணி அடிக்கிறது. இவர் கதவடிக்குப் போய், திறக்காமல் நிற்கிறார்.

என் நன்றியை நான் சொல்லிக்கொள்வேன். என் வீடு, என் பிள்ளைகள், எல்லாம் டொலறஸ் அக்கா தந்தது. இவருடையதை இவர்தான் சொல்லவேண்டும். அதற்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.

.................................................

சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கும் ஒரு டொலறஸ் இருப்பார். முதலில் அங்கே போய்ச் சொல்லுங்கள். வந்து இதை நிரப்புங்கள்.